மரத்தடியில் சொல்லக்கூடாத வார்த்தை

கயிறு என் கையில் இருந்தது.

அடிமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, மிச்சத்தை உள்ளங்கையில் வாங்கிப் பிடித்திருந்தேன். மறுமுனை மேலே ஒரு கவை வழியாகப் போய், யானைத் தும்பிக்கைத் தடிமனில் இருந்த ஒரு கொப்பைக் கட்டியிருந்தது. கொப்புக்கு நேர் கீழே புதிதாகத் தகரம் போட்ட கார் ஷெட். கொப்புக்குப் பக்கத்தில், கவட்டையில் காலைப் போட்டு உட்கார்ந்து, என் மச்சினன் இசக்கி மெஷினால் அறுத்துக்கொண்டிருந்தான்.

பாளையங்கோட்டையில் ஒரு ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் வீடு. மரம், தூங்குமூஞ்சி மரம். சாயங்காலமானால் இலையை மூடிக்கொண்டு தூங்கும் சாதி. அன்றைக்குக் காலை பத்து மணிக்கே தூங்கியது நான்தான் என்கிறாள் என் மகள் செல்வி. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் அவள். அதனால் அதையும் சேர்த்தே எழுதிக்கொள்கிறாள். எழுதட்டும். பேனா அவள் கையில்.

இந்தத் தொழிலில் உயிர் யார் கையில் என்று கேட்டால் எல்லாரும் சாமியைக் காட்டுவார்கள். சாமி அவ்வளவு காலையில் பாளையங்கோட்டைக்கு வருவதாகத் தெரியவில்லை. மேலே இருக்கிறவன் உயிர், கீழே கயிறு பிடிக்கிறவன் கையில். இசக்கி முப்பது வருஷமாக என் கையைத் தவிர வேறு கையை நம்பி மரம் ஏறியதில்லை. அந்தக் கை அன்றைக்கு என்ன செய்தது என்று சொல்லத்தான் இந்த வாரம் உட்கார்ந்திருக்கிறேன்.

சொல்வதற்குள் நாலு தெரு சுற்றிவிட்டு வருவேன். வாராவாரம் படிக்கிறவர்களுக்கு இது பழகியிருக்கும். மற்றவர்கள் கொஞ்சம் உட்காருங்கள்.

மரத்துக்கு ஆபரேஷன்

எங்களுக்கு முன்பெல்லாம் பெயர் கிடையாது. "மரம் வெட்டுத ஆளு" என்பார்கள். செல்வி பாலிடெக்னிக் முடித்து, இரண்டு ஆபீஸில் வேலை பார்த்து, இரண்டையும் திட்டிவிட்டு எங்களோடு சேர்ந்தாள். சேர்ந்ததும் முதல் வேலையாக ஒரு கார்டு அடித்தாள். "மர அறுவை சிகிச்சை நிபுணர்கள்" என்று கொட்டை எழுத்தில். அதில் "மர" என்பது மட்டும் பொடி எழுத்து.

அந்த வாரமே ஒரு அம்மாள் போன் செய்தாள்.

"எங்க வீட்டுக்காரவுகளுக்குக் குடலிறக்கம். எப்பக் கூட்டிட்டு வரட்டும்?"

"எங்ககிட்ட வெறும் மெஷின்தாம்மா இருக்கு" என்றேன்.

"அதான் இப்பம் எல்லாம் மெஷின்லதான பண்ணுதாவ? தையல் போடணுமா?"

"போட வேண்டியிருக்காதும்மா" என்று சொல்லி வைத்தேன்.

எங்கள் பழைய சாமான் எல்லாம் ஒரு சைக்கிளில் அடங்கும். வெட்டரிவாள், கோடாலி, தேங்காய்நார் வடம், முசுறு எறும்புக் கூட்டுக்கு ஊற்ற ஒரு பாட்டில் மண்ணெண்ணெய். இன்றைக்கு ஒரு லோடு ஆட்டோ வேண்டும். பெரிய மெஷின், சின்ன மெஷின், பெட்ரோலும் ஆயிலும் கலந்த கேன், செயினைத் தீட்டுகிற அரம், நாலு நிறத்தில் கயிறு, இடுப்பு பெல்ட், ஹெல்மெட், தெருவில் வைக்க சிவப்புக் கூம்பு. மரம் வெட்டப் போகிறோமா, சர்க்கஸ் போடப் போகிறோமா என்று பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரும்.

இதைச் சொன்னதும், கோடாலி போச்சே, வடம் போச்சே என்று நான் அழப்போவதாக நினைக்க வேண்டாம். கோடாலிக்காகக் கண்ணீர் விடுகிறவர்கள் அதைத் தூக்கிப் பார்த்தவர்கள் இல்லை. நாங்கள் இரண்டு நாள் கொத்துகிற மரத்தை மெஷின் ஒரு காலைக்குள் அறுத்துத் தருகிறது. தோள்பட்டை மிச்சம். மெஷினில் ஒரே குறை, அது ஓடும்போது பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலு பேர் வந்து நின்று எப்படி அறுக்க வேண்டும் என்று சொல்லித் தருகிறார்கள். அரிவாள் காலத்தில் மரத்துண்டு தெறிக்கும் என்று எட்டி நிற்பார்கள்.

செல்விக்குச் சில சட்டங்கள் உண்டு. காலையில் செயின் தீட்டாமல் வண்டி கிளம்பாது. கயிற்றை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் தடவிப் பார்த்துத்தான் சுருட்ட வேண்டும். ஓடுகிற மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கொப்பிலிருந்து இன்னொரு கொப்புக்கு மாறக் கூடாது. பெல்ட் மாட்டாதவன் மரம் தொடக் கூடாது.

இந்தக் கடைசிச் சட்டத்துக்கு இசக்கி ஒத்துக்கொள்ளவில்லை. அவன் உடன்குடிப் பக்கம் பனையேறுகிற குடும்பம். காலில் ஒரு நார் வளையம் போதும், ஆகாயம் வரை போய்விட்டு வருவான்.

"இடுப்புல கட்டிப்போட நான் என்ன சண்டிமாடா?" என்றான்.

"மாமா, பெல்ட்டு இல்லன்னா மெஷின் கெடையாது" என்றாள் செல்வி.

"ஏட்டி, நான் ஏறும்போது நீ பொறக்கவே இல்லட்டி."

"நீங்க விழும்போது நான் பாக்கணுமாக்கும்?"

மாட்டிக்கொண்டான். ஒரு மாசம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். அந்த பெல்ட் இல்லையென்றால் இந்தக் கட்டுரையை வேறு மாதிரி ஆரம்பிக்க வேண்டியிருந்திருக்கும்.

பயிற்சி வகுப்பு

வண்ணார்பேட்டையில் ஒரு ஹாலில், மெஷின் விற்கிறவர்கள் ஒரு நாள் பாதுகாப்புப் பயிற்சி என்று வைத்தார்கள். செல்வி எங்கள் இரண்டு பேரையும் தள்ளிக்கொண்டு போனாள். காற்றாடிக்குக் கீழே நின்றுகொண்டு ஒருவர் திரையில் படம் காட்டினார். சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. முழங்கையில் ஒரு சிராய்ப்பு இல்லை.

"உங்களுக்கு எத்தனை வருஷ அனுபவம்?" என்று என்னைக் கேட்டார்.

"கீழ விழுந்து படுத்துக் கெடந்ததக் கழிச்சிட்டா, கழிக்காமலா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. படத்தைத் தள்ளினார். அடுத்த படத்தில் ஹெல்மெட்டோடு ஒரு ஹெட்செட். காதை இரண்டு பக்கமும் மூடிக்கொள்ளும். மெஷின் சத்தம் உள்ளே வராது. மேலே இருக்கிறவன் பேசினால் கீழே இருக்கிறவன் காதுக்குள்ளேயே கேட்கும். வெளியாள் பேச்சு எதுவும் கேட்காது.

செல்வி மூன்று வாங்கிவிட்டாள்.

எனக்கு அதில் ஒரு வருத்தம். என் காதுக்காகத்தான் முதன்முதலில் கயிறு என் கைக்கு வந்தது. இளந்தாரியாக மாஞ்சோலை எஸ்டேட்டில் இருந்தேன். இப்போது அங்கே இருந்த சனங்களை எல்லாம் மலையிலிருந்து கீழே இறக்கியாயிற்று. அப்போது தேயிலைக்கு நிழல் அளவு பார்த்து சில்வர் ஓக் மரத்தில் கொப்புக் கழிக்கிற வேலை. மேகம் வந்து இறங்கினால் மரத்தில் இருக்கிற ஆள் தெரியாது. அரிவாள் சத்தமும் ஆளின் குரலும்தான். எந்தக் கொப்பு முறியப் போகிறது என்று நார் கிழிகிற சத்தத்தில் சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட காதுக்கு இரண்டு பிளாஸ்டிக் கிண்ணத்தைக் கவிழ்த்து மூடி போட்டால் எப்படி இருக்கும்?

அந்தக் காது இப்போது வீட்டுக் காலிங்பெல்லையே மூன்றாவது தடவைதான் எடுக்கிறது என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஹெட்செட் வந்ததில் இன்னொன்றும் நடந்தது. இசக்கி முன்பு மேலிருந்து பேசினால் தெருவே திரும்பிப் பார்க்கும். மைக் வந்ததும் கல்யாண வீட்டில் ரகசியம் சொல்கிற மாதிரி மெதுவாகப் பேச ஆரம்பித்துவிட்டான்.

பைய, பிடி, நில்லு

எங்கள் கூட்டத்தில் ஒரு வார்த்தை மரத்தடியில் சொல்லக் கூடாது. "விடு."

நம் ஊரில் எதற்கெல்லாம் "விடு" சொல்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். பஸ்ஸை விடு. ஆளை விடு. பேச்சை விடு. பால் கெட்டால் விடு. பக்கத்து வீட்டுக்காரன் வேலியைத் தள்ளிப் போட்டால் மட்டும் விடாதே. இந்த ஒற்றை வார்த்தையைக் காதில் வாங்கினால், கயிறு பிடிக்கிறவன் கை ஒன்றே ஒன்றுதான் செய்யும்.

ரொம்ப வருஷம் முன்னால், இசக்கி எங்களோடு சேருவதற்கும் முந்தி, ஆழ்வார்திருநகரிப் பக்கம் ஒரு கல்யாண வீடு. பந்தலுக்கு இடைஞ்சல் என்று ஒரு தென்னையின் தலையைக் கழிக்கப் போயிருந்தோம். கயிறு பிடித்தது வேறொரு ஆள். பெயரைச் சொன்னால் அவர் பேரன்மார் வருத்தப்படுவார்கள். பந்தலுக்குள் இரண்டு சம்பந்திகளுக்கும் நாற்காலி போடுவதில் சண்டை. ஒருவர் இன்னொருவர் சட்டையைப் பிடிக்க, மாப்பிள்ளையின் அம்மா ஓடிவந்து "விடுலே! விடுங்கேன்!" என்று கத்தினாள்.

எங்கள் ஆள் விட்டார்.

தென்னந்தலை நேராகச் சாம்பார் அண்டாவுக்குள் வந்து உட்கார்ந்தது. சண்டை அந்த நிமிஷமே நின்றது. சம்பந்திகள் இரண்டு பேரும் ஒற்றுமையாகி எங்களை விரட்டினார்கள். ஒரு குடும்பத்தைச் சேர்த்துவைத்த புண்ணியம் எங்களுக்கு உண்டு.

அன்றைக்கு வைத்த சட்டம்தான். கயிற்றை இளக்க "பைய". இறுக்க "பிடி". அசையாமல் வைக்க "நில்லு". இந்த மூன்றுக்கு மேல் மரத்தடியில் நாலாவது வார்த்தை இல்லை. செல்விகூட இந்தச் சட்டத்தை மாற்றவில்லை. பயிற்சி கொடுத்தவர் இதற்கெல்லாம் இங்கிலீஷில் வார்த்தை தந்தார். இசக்கி அதைக் கேட்டுவிட்டு, "அந்த வார்த்தைய நான் சொல்லி முடிக்கதுக்குள்ள கொப்பு கீழ வந்துரும்" என்றான்.

நாங்கள் செய்த தப்பு, சட்டத்தை எங்களுக்கு மட்டும் வைத்ததுதான். வீட்டுக்காரர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

கோமதியம்மாளின் இரக்கம்

மரம் வெட்டச் சொல்கிறவர்களில் பல தினுசு. நிழல் வேண்டும், சருகு வேண்டாம் என்பவர்கள். "மரம் எந்தப் பக்கம் விழும்?" என்று பத்துத் தடவை கேட்பவர்கள். தரைப் பக்கம் என்று பதில் சொல்லி ஒரு வேலையை இழந்திருக்கிறேன். வெட்டு என்று கூப்பிட்டுவிட்டு, வெட்ட ஆரம்பித்ததும் மனம் இளகுகிறவர்கள். மேனேஜர் சாரின் மனைவி கோமதியம்மாள் இந்த மூன்றாவது தினுசு.

இரண்டு கொப்பு இறங்கும்வரை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவதுக்குக் கயிறு கட்டியதும் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"இது மட்டும் இருக்கட்டுமே. இதுலதான தெனமும் கிளி வந்து உக்காருது" என்றார்கள்.

"கிளி வேற கொப்புல உக்காரும்" என்றார் மேனேஜர் சார்.

"நீங்க போயி வேற வீட்டுல உக்காருங்களேன் பாப்போம்."

மேலே இசக்கி அடிவெட்டுப் போட்டு முடித்து, மேல்வெட்டைப் பாதி இறக்கியிருந்தான். கொப்பின் கனம் முழுக்கக் கயிற்றுக்கு வந்துவிட்டது. உள்ளங்கையில் கயிறு முறுகி நின்றது. பச்சை மரத்தூள் வாசமும் பெட்ரோல் புகையும், காலுக்கடியில் நசுங்கின காயின் பிசுபிசுத்த இனிப்பு வாசமுமாக இருந்தது. திடீரென்று மெஷின் நின்றது.

எதற்கு நின்றது என்று பிற்பாடுதான் தெரிந்தது. இசக்கியின் இடதுகால் கொப்புக்குத் தப்பான பக்கம் இருந்தது. அதை மாற்றி வைக்க நிறுத்தியிருக்கிறான். மைக்கில் மெதுவாக, "அத்தான், நில்லும். காலை மாத்திக்கிடுதேன்" என்று சொல்லியிருக்கிறான்.

அவ்வளவு சத்தத்துக்குப் பிறகு வந்த அந்த அமைதியில், எனக்கு நாலடி பின்னால் மேனேஜர் சார் பொறுமை போய்க் கத்தினார்.

"கோமு, விடு!"

என் கை விட்டது.

அடிமரத்தைச் சுற்றிக் கயிறு புகைந்துகொண்டு ஓடியது. மேலே கொப்பு நாரோடு கிழிகிற சத்தம். அந்தச் சத்தம் மட்டும் நன்றாகக் கேட்டது. கொப்பு தலைகுப்புற இறங்க, அதன் அடித்துண்டு எம்பி, இசக்கியின் முழங்காலை மரத்தோடு வைத்து அடித்தது. ஷெட் தகரம் இரண்டாக மடிந்தது. காரை முன்னமே தெருவுக்கு எடுக்கச் சொல்லியிருந்தாள் செல்வி. இசக்கி இடம் தவறி, இடுப்பு பெல்ட்டில் தொங்கினான். கத்தவில்லை. "யம்மா" என்று ஒரு தடவை சொன்னான்.

அந்த நாலைந்து வினாடி

இனிமேல் சொல்வது, அந்தக் காலையில் நான் யாருக்கும் சொல்லாதது.

என் ஹெட்செட் காதில் இல்லை. கழுத்தில் கிடந்தது.

காலையில் நான் அதை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றபோது, எதிரே ஆட்டோ ஸ்டாண்டில் இருந்தவர்கள் பார்த்தார்கள். ஒருத்தன் கையைக் குவித்து வாயில் வைத்து, "நேரம் எட்டு மணி! செய்திகள் வாசிப்பது நம்ம அண்ணாச்சி!" என்றான். இன்னொருத்தன், "அண்ணாச்சி, எங்க ஊர்ல மழை வருமா, கேட்டுச் சொல்லுங்க!" என்றான். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கழற்றிக் கழுத்தில் விட்டுக்கொண்டேன். வெயிலுக்குக் கழற்றினேன் என்று சொல்லலாம். மர நிழலில் என்ன வெயில்?

காதில் இருந்திருந்தால் இசக்கி "நில்லும்" என்றது கேட்டிருக்கும். மேனேஜர் கத்தியது கேட்டிருக்காது.

அதையாவது வெட்கத்தில் செய்தது என்று மன்னிக்கலாம். அடுத்ததை எதில் சேர்ப்பீர்களோ தெரியாது. மச்சினன் மேலே தொங்குகிறான். நான் ஓடவேண்டியவன். ஓடுவதற்கு முன்னால், கழுத்தில் கிடந்த ஹெட்செட்டை இரண்டு கையாலும் தூக்கிக் காதில் மாட்டிக்கொண்டேன். சரியாக இருக்கிறதா என்று தொட்டும் பார்த்துக்கொண்டேன். அப்புறம்தான் ஓடினேன்.

அவனை இறக்கியது நான் இல்லை. செல்வி இன்னொரு கயிற்றில் ஏறிப் போனாள். என்னைப் பார்த்துச் சிரித்த ஆட்டோக்காரர்கள்தான் தோள் கொடுத்து இறக்கி, ஆட்டோவில் போட்டு, ஹாரனை அழுத்திக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் முன்சீட்டு ஓரத்தில் தொற்றிக்கொண்டு போனேன், காதில் ஹெட்செட்டோடு.

"யப்பா, மாமா 'நில்லும்'னு சொன்னாவளே, எனக்கே கேட்டுச்சே, உங்களுக்குக் கேக்கலியா?" என்றாள் செல்வி, ஆஸ்பத்திரி வராந்தாவில்.

"கரகரன்னுச்சுட்டி. பாழாப்போன மெஷினு" என்றேன்.

அவள் மறுநாளே அதைக் கடைக்கு அனுப்பினாள். ஒரு கோளாறும் இல்லை என்று வந்தது. நம்பாமல் மறுபடி அனுப்பினாள். பேட்டரியை மாற்றிக் கொடுத்தார்கள். பெற்ற தகப்பனைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் ஹெட்செட் செய்த சீனாவைச் சந்தேகப்பட்டாள் பிள்ளை.

ஆப்பிள்

முட்டுச்சிப்பியில் விரிசல். மூன்று மாசம் கால் மடக்கக் கூடாது என்றார்கள்.

மேனேஜர் சார் தினமும் வந்தார். ஒரு பையில் ஆப்பிள், ஒரு பையில் ஹார்லிக்ஸ். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "என் வாயாலதான் இப்படி ஆச்சு" என்பார். ஷெட் உடைந்ததைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. அந்தத் தகரத்தின் நஷ்டத்தையாவது எங்கள்மேல் போட்டுக் கத்தியிருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

"விடுங்க சார்" என்றேன் ஒரு நாள், ஆறுதலாக.

கட்டிலில் இருந்து இசக்கி என்னை ஒரு பார்வை பார்த்தான். "அந்த வார்த்தைய இன்னுமா சொல்லுதீரு?" என்றான்.

ஒரு நாள் சார் என்னைத் தனியாக வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"அண்ணாச்சி, வீட்டுல நான் வாயத் தொறக்கதே இல்ல. முப்பத்தஞ்சு வருசமா பேங்க்ல கத்தியிருக்கேன், ஒருத்தனுக்கு ஒண்ணும் ஆகல. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை. கோமுகூட எங்கிட்டப் பேச யோசிக்கா. காப்பி வேணும்னாக்கூட டம்ளரத்தான் காட்டுதேன்."

அப்போது சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. அந்தப் பக்கம் நர்ஸ் போனாள். நர்ஸ் போனபிறகு சொல்லலாம் என்று இருந்தேன். நர்ஸ் போன பிறகு, "பகவான் இருக்காரு சார்" என்றேன். பாருங்கள், தேவைப்படும்போது நானும் அவரைத்தான் காட்டினேன்.

ஆப்பிளில் இரண்டு எனக்கும் வந்தது. தின்றேன். மாவாக இருந்தது.

கொக்கிரகுளத்து வேம்பு

மழை முடிந்து, இசக்கி காலை மடக்கி நீட்டிப் பழகினான். நடந்தால் முட்டில் ஒரு 'டக்' சத்தம். "மெஷின் மாதிரி ஸ்டார்ட் ஆகுதுவே" என்பான். முதல் வேலையாகக் கொக்கிரகுளத்தில் ஒரு வேப்பமரம். மாடிக்குள் தலையை நீட்டிக்கொண்டிருந்த ஒரே கொப்பு. சின்ன வேலை. செல்வி வேண்டுமென்றே சின்ன வேலையாகப் பார்த்து எடுத்திருந்தாள்.

அவன் பெல்ட்டை மாட்டினான். ஒருவரும் சொல்லாமலே மாட்டினான். கயிற்றை அடிமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றினான். முனையை எடுத்து, முப்பது வருஷமாகத் தருகிற மாதிரி, முகத்தைக்கூடப் பார்க்காமல் என் கையில் தந்தான்.

வாங்கினேன். அதைப் பிடித்துக்கொண்டு அவனை மேலே அனுப்பத் துணிச்சல் வரவில்லை.

"ஏலே இசக்கி. அன்னைக்கு அது எங்காதுல இல்ல" என்றேன்.

"எது?"

"ஹெட்செட்டு. கழுத்துல கெடந்துச்சு. நீ நில்லும்னது எனக்குக் கேக்கல. மேனேஜரு சொன்னதுதான் கேட்டுச்சு."

செல்வி மெஷினில் ஆயில் ஊற்றிக்கொண்டிருந்தாள். மூடியைக் கையில் வைத்தபடியே நிமிர்ந்தாள்.

"நான் பாக்கும்போது காதுலதான இருந்துச்சு?"

"அப்புறம் மாட்டுனேன்."

"எப்பம்?"

நான் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தேன்.

"மாமா தொங்கும்போதாப்பா?"

வீட்டுக்காரர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன, ஆரம்பிக்கலையா?" என்றார்.

இசக்கி முழங்காலைத் தடவிக்கொண்டான். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டினால் எனக்குப் பாதிப் பாவம் கழியும்.

"அப்பம் அந்த மனுசன் வாங்கிட்டு வந்த ஆப்பிளயெல்லாம் நீருல்லாவே வாங்கித் தந்திருக்கணும்" என்றான்.

அப்புறம் என் கையிலிருந்து கயிற்றை எடுத்தான். பிடுங்கவில்லை. பிள்ளை கையிலிருந்து கத்தியை எடுக்கிற மாதிரி, ஒவ்வொரு விரலாகப் பார்த்து எடுத்தான். செல்வியிடம் கொடுத்தான். அவள் கையுறையை மாட்டிக்கொண்டு, ஹெட்செட்டைக் காதில் வைத்து, என்னைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள்.

ஏறினான். முட்டு 'டக்' என்றது. வேப்பங்கொப்புக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, பெல்ட்டை மரத்தோடு கோத்து, மெஷினை மடியில் வைத்துக்கொண்டான். ஸ்டார்ட் செய்யவில்லை.

"மாமா, என்ன?" என்று மைக்கில் கேட்டாள் செல்வி.

அவன் மைக்கை ஒதுக்கிவிட்டு, பழைய குரலில், கொக்கிரகுளம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினான்.

"அத்தான்! அந்த மேனேஜருக்குப் போனப் போடும்!"

"எறங்குனதுக்குப் பொறவு போடுதேன்லே."

"இப்பம் போடும். போட்டுச் சொல்லும். சொல்லி முடிச்சாத்தான் மெஷினு ஓடும்."

கீழே செல்வி கயிற்றோடு நிற்கிறாள். மாடியில் வீட்டுக்காரர் நிற்கிறார். தெருவில் நாலு பேர் வழக்கம்போல் சேர்ந்துவிட்டார்கள். இவ்வளவு பேருக்கு நடுவில் நின்று போன் போட்டேன். இரண்டாவது ரிங் போவதற்குள் எடுத்துவிட்டார். இசக்கிக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்த குரல்.

ஒன்றுவிடாமல் சொன்னேன். கழுத்தில் கிடந்தது, காதில் மாட்டினது, கரகரவென்று பொய் சொன்னது எல்லாம். முடித்துவிட்டு, "உங்க மேல தப்பில்ல சார். என்னைய மன்னிச்சிருங்க" என்று சொல்ல ஆரம்பித்தேன்.

அவர் அதைக் கேட்கவே இல்லை. போனை எங்கேயோ வைத்துவிட்டார் போல. செருப்புச் சத்தம் வீட்டுக்குள் ஓடியது. ஒரு கதவு அடித்தது. தூரத்தில், பேங்க் முழுக்கக் கேட்கிற குரலில் அவர் கத்துவது என் காதுக்கே நன்றாகக் கேட்டது.

"கோமு! ஏ கோமு! இங்கன வா! நான் இல்லையாம்! நான் இல்லையாம் கோமு!"

மேலே மெஷின் ஸ்டார்ட் ஆனது. வேப்பந்தூள் தலையில் கொட்டியது. போனை அணைக்க மனம் வராமல் அப்படியே சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, சிவப்புக் கூம்பைத் தூக்கிக்கொண்டு, தெருவில் நின்ற நாலு பேரைத் தள்ளி நிற்கச் சொல்லப் போனேன்.